விளையாட்டுக் கழகத்தை வைத்து ஊர் ஆற்றைப் பராமரிக்க வைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆட்டம் தண்ணீரில் நடக்க வேண்டும். மைதானத்தில் கிரிக்கெட் வைத்து, இடையில் "ஆற்றைக் காப்போம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஒருவரும் ஆற்றுப் பக்கம் திரும்பமாட்டார்கள். நீங்களும் சிரமதானத்துக்கு, அதாவது ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலைக்கு, ஆள் சேர்த்துக் களைத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் கிழக்கிலங்கையில் அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளி. எங்கள் கிட்டங்கி ஆற்றை ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை என்றும் சொல்கிற மிதக்கும் செடி) அடைத்தால் தண்ணீரே தெரியாது, கதிர் வரப்போகிற குடலைப் பருவத்து நெல்வயல் மாதிரிக் கிடக்கும். சிரமதானம் என்றால் பொடியன்மார் வருவார்கள், பிடுங்குவார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த கிழமை ஆளில்லை. சித்திரை விளையாட்டு விழாவில் தோணியோட்டத்தைச் சேர்த்த வருஷம்தான் அது மாறியது. தோணி ஓட வழி வேண்டுமே! துடுப்பில் செடி சிக்கினால் தோல்வி என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே பின்னேரங்களில் இறங்கினார்கள். பிடுங்கிக் கரையில் குவித்திருந்ததைப் பார்த்த மீன்பிடிக்கிற மாமா ஒருவர், "மருமகன், இத இப்படியே விட்டா மழைக்குத் திரும்ப ஆத்துக்குள்ள போயிரும். மிசின் பெட்டியில ஏத்தி மேட்டுல கொண்டு கொட்டுங்க" என்றார். மிசின் பெட்டி என்றால் உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டி. ஏற்றுமுன் கறுத்த வேர்க்கொத்தைத் தண்ணீரில் அலசிக் காட்டியதும் அவர்தான். உதற உதறக் கூனியும் மீன்குஞ்சும் கொட்டின.

"தோணி ஓட்டினால் ஆறு சுத்தமாகுமா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: முழு ஆற்றையும் துப்புரவாக்கினோம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இயந்திரம் வேண்டும், அது அரசாங்கத்தின் வேலை. வயலுக்கு வீசுகிற உரம் வாய்க்காலால் வந்து சேருமட்டும் இந்தச் செடி கொழுக்கத்தான் செய்யும். ஆற்றுவாழையை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் சட்டம் போட்டும் முடியவில்லை. அதற்கு ஒரு ஊர்க் கழகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

   

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலை இருக்கிற ஆறென்றால் இருட்டுமுன் எல்லோரையும் கரையேற்றுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் இறக்காதீர்கள். போட்டிப் பாதையைக் குறிக்குமுன் மீனவர் சங்கத்தோடு பேசுங்கள். வலை போடுகிற இடத்துக்குக் குறுக்கே பாதை போனால் அவர்கள் தோணி தரமாட்டார்கள்.