பழைய போர்க்களமும் ஆறாத மனமும்

கேள்வி: போரில் காயமுற்ற முன்னாள் படையினர் பழைய போர்க்களங்களில் அகழாய்வு செய்து மனம் தேறுகின்றனர் என்பது உண்மையா? நம் திருகோணமலையில் அதற்கு இடமுண்டா? (வாசகர், உப்புவெளி)

பதில்: உண்மைதான். 2015இல் தொடங்கப்பட்ட ‘வாட்டர்லூ அன்கவர்ட்’ என்னும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம், 1815 ஜூன் 18இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் பெரும்போர் நடந்த பெல்ஜிய மண்ணில், தொல்லியலாளரோடு முன்னாள் படையினரையும் அமர்த்தி அகழ்ந்து வருகிறது. அன்று கள மருத்துவமனையாக இருந்த பண்ணையொன்றில், 2019இல், வெட்டியகற்றப்பட்ட கால்களின் எலும்புகள் வெளிப்பட்டன. தாமும் போரில் காயமுற்றவர்கள் அவற்றை எத்தகைய மனத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் படைவீரனின் கண்ணால் படிக்கும் பழக்கம் அங்கே மீண்டும் பயன்படுகிறது. சிறு கரண்டியால் மண்ணை மெல்லச் சுரண்டும் வேலை கவனத்தை ஒருமுகப்படுத்துகிறது. சொல்ல முடியாதிருந்ததைச் சொல்லத் தோழர் கிடைக்கின்றனர். ஆயினும் இது மருத்துவத்துக்குத் துணையே தவிர, மாற்று அன்று.

நம் ஊரில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய பிரெட்றிக் கோட்டையும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகமும் உள்ளன. தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றி அகழ்வது குற்றமாகும். ஆகவே அளத்தல், படமெடுத்தல், பதிவுசெய்தல் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அண்மைய போரின் களங்களைத் தொடவே கூடாது, ஏனெனில் அங்குள்ள எச்சங்கள் நீதிமன்றத்துக்கும் காணாமற்போனோரின் உறவுகளுக்கும் உரியவை. இங்கு வடுப்பட்டவர்கள் சீருடை அணிந்தவர்கள் மட்டுமல்லர் என்பதால், அத்தகைய பணியில் பொதுமக்களுக்கும் சம இடம் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.