கைப்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும்தான் இருக்கிறது, 4 ஜிபி ரேம் மடிக்கணினியில் உபுண்டு. பைத்தான் பழக, நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடு எப்படி நிறுவுவது?

டெப் கோப்பாக, அதாவது உபுண்டுவுக்கான நிறுவல் கோப்பாக, இறக்கி நிறுவுங்கள். உபுண்டுவின் ஆப் சென்டரில் தேடினால் கிடைப்பது ஸ்னாப் என்ற வேறொரு தொகுப்பு வகைப் பதிப்பு. ஒரே க்ளிக்கில் ஏறிவிடும், உண்மைதான். ஆனால் அது நாம் கேட்காமலே பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். நாளுக்கு இவ்வளவு டேட்டா என்று ரீசார்ஜ் போடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

விஎஸ் கோடு தளத்தில் உபுண்டு, டெபியனுக்கான டெப் கோப்பு இருக்கும். அளவு 100 எம்பிக்கு முன்பின். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் கரையோரம் இருப்பவர்கள் இறக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: கைப்பேசியில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். இங்கே இலங்கை டவர் சிக்னல் சர்வசாதாரணமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இறங்கியதும் அந்தக் கோப்புறையில் வலது க்ளிக் செய்து டெர்மினலைத் திறங்கள். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் (sudo apt install) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டியே கோப்பின் பெயர். புள்ளியும் சாய்கோடும் விட்டுப்போனால், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் அந்தப் பெயரைத் தன் களஞ்சியத்தில் (இணையத்தில் உள்ள மென்பொருள் கிடங்கில்) தேடிவிட்டு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். பெயரை முழுதாக அடிக்க வேண்டாம். முதல் சில எழுத்துக்குப் பின் டேப் விசையைத் தட்டினால் மீதி தானே நிரம்பும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், பயப்படாதீர்கள். நடுவில் மைக்ரோசாஃப்டின் களஞ்சியத்தைச் சேர்க்கட்டுமா என்று கேட்டால் சரி என்று கொடுங்கள். அப்புறம் நீங்கள் ஆப்ட் வழியாக அப்கிரேடு செய்யும்போது இதுவும் சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

டெப் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுக்குப் போகும் தம்பிகள் சிலர் அந்த 61 நாளில்தான் எங்கள் மாலை வகுப்பில் உட்கார முடிகிறது. ஒருவர் இறக்கினால் போதும், பென்டிரைவில் எல்லோருடைய கணினிக்கும் போய்விடும். (பென்டிரைவை மூடியோடு வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அதன் முனை சீக்கிரம் பூத்துவிடும்.)

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவது. விஎஸ் கோடு எலக்ட்ரான் என்ற மென்பொருள் கட்டமைப்பின் மேல் ஓடுகிறது; அதாவது உள்ளே ஒரு குரோமியம் உலாவியே இருக்கிறது. 4 ஜிபி ரேமில் ஓடும், ஆனால் பக்கத்தில் உலாவியும் திறந்திருந்தால் இயந்திரம் திணறும். பைத்தானை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் தோனி (thonny) என்ற எளிய பைத்தான் செயலியை முதலில் போடுங்கள் என்பேன். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே உருவானது. நிரல் ஒவ்வொரு படியாக ஓடும்போது மாறிகளின் மதிப்பு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். லூப் என்றால் என்ன என்று புரியாமல் தவித்தவர்களுக்கு அங்கேதான் வெளிச்சம் வருகிறது. சி மொழியும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஜீனி (geany) என்ற இலகுவான நிரல் செயலி போதும். இரண்டும் உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கின்றன, பெயரைச் சொல்லி ஆப்டிடம் கேட்டால் வந்துவிடும்.

திறமூலம்தான் வேண்டும் என்று உபுண்டுவுக்கு வந்தவரானால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் இருக்கிறது. நாம் இறக்கும் தயார்நிலைக் கோப்புக்கோ மைக்ரோசாஃப்டின் தனி உரிமம், பயன்பாட்டுத் தகவலையும் அனுப்பும். அதை அமைப்புகளில் டெலிமெட்ரி என்று தேடி நிறுத்தலாம். அதே மூலநிரலிலிருந்து அந்தத் தகவல் சேகரிப்பை நீக்கிக் கட்டியது விஎஸ்கோடியம்.

நிரலுக்குள் தமிழில் குறிப்பெழுத ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்தபின், விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 சேர்த்துக்கொள்ளுங்கள்.