அம்மா இருக்கும் இல்லத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அக்கா, வணக்கம். மறதி நோய் வந்ததால் என் அம்மாவை இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். கொரோனா காலத்தில் ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் அத்தனை பேர் இறந்தபோது, ஃபெடரல் அரசு மாநிலத்தைக் கைகாட்டியது, மாநிலம் ஃபெடரலைக் கைகாட்டியது. நாளைக்கு இன்னொரு கொள்ளைநோய் வந்தால் அம்மாவைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? இல்லத்தை நடத்துகிறவர்களா, அரசா? எந்த அரசு?
– வாசகி, சிட்னி

பதில்: ஃபெடரல் அரசுதான், தங்கச்சி. இல்லத்தை நடத்துகிறவர்களுக்கு அன்றாடப் பொறுப்பு உண்டு. ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதார உத்தரவுகளும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. ஆனால் யார் இல்லம் நடத்தலாம், ஒருவருக்கு எவ்வளவு மானியம், எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், தப்பு நடந்தால் யார் வந்து பார்ப்பது, இவை எல்லாவற்றையும் முடிவு செய்வது கான்பெராவில் இருக்கும் ஃபெடரல் அரசுதான். பணத்தையும் விதியையும் கையில் வைத்திருப்பவர், ஆபத்து வரும்போது மட்டும் ‘அது மாநில விவகாரம்’ என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

2020-இல் கொரோனா வந்தபோது இந்தத் துறையின் நிலைமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. முதியோர் பராமரிப்பு குறித்து விசாரிக்க ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணைக் குழு 2018-லேயே அமைக்கப்பட்டுவிட்டது. 2019 அக்டோபரில் வந்த அதன் இடைக்கால அறிக்கையின் தலைப்பே ‘புறக்கணிப்பு’. அதன் பிறகுதான் தொற்று வந்தது. 2020-இல் நாடு முழுக்க கொரோனாவால் இறந்தவர்கள் 900 பேருக்குச் சற்று மேல். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். முதியோர் இல்லங்களுக்கென்றே தனியாக ஒரு கொரோனா திட்டம் இருக்கவில்லை என்று 2020 அக்டோபர் 1 அன்று வெளியான சிறப்பு அறிக்கையில் ராயல் கமிஷன் எழுதியது. அதன் ஆறு பரிந்துரைகளையும் அரசு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குள் விக்டோரியா மாநிலத்தின் இரண்டாவது கொரோனா அலை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

அந்த அலையில் அதிகம் பேசப்பட்டது மெல்பர்ன் ஃபாக்னரில் உள்ள செயின்ட் பேசில்ஸ் இல்லம். 2020 ஜூலையில் அங்கிருந்த ஊழியர்கள் அனைவரும் தொற்றுத் தொடர்புள்ளவர்கள் என்று தனிமைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கடைசியில் இறந்த முதியவர்கள் 50 பேர்.

நான் அப்போது மெல்பர்னில் வேறோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் ஆஸ்பத்திரி மாதிரி கையில் பெயர்ப்பட்டை கட்டுவது வழக்கமில்லை. மருந்துக் குறிப்பில் ஒட்டிய போட்டோவைப் பார்த்துத்தான் புது ஆள் மருந்து கொடுக்க வேண்டும். அந்த போட்டோ சில சமயம் இல்லத்தில் சேர்ந்த அன்று எடுத்தது. இப்போது ஆள் பாதியாக இளைத்திருப்பார். பெயர் கேட்டால் மறதி நோய்க்காரர் தலையை ஆட்டுவார், எந்தப் பெயர் சொன்னாலும் ஆட்டுவார். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தேநீரைக் கெட்டியாக்கித் தர வேண்டும். தெரியாதவர் வெறும் தேநீரைக் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எங்கள் இல்லத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். நாற்பது வருடம் பேசிய ஆங்கிலம் மறதியில் போய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். ஒரு நாள் மாலை ஷிஃப்டுக்கு நான் வந்தபோது அவர் உதடு வெடித்திருந்தது. “தண்ணி, தண்ணி” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஏஜென்சியிலிருந்து வந்திருந்த பெண் பாவம், நல்ல பெண். முழுக் கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு ஓடி ஓடி வேலை செய்தாள். அவளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் ஜாடி அந்த அம்மாவின் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது.

தெரிந்த முகங்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினால் இதுதான் நடக்கும். தனிமைப்படுத்தியதே தவறு என்று நான் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த முதியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆளும் நேரமும் ஏற்பாடும் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத் தனியொரு இல்லத்தால் செய்ய முடியாது.

இன்னொன்று. தொற்று பெரும்பாலும் ஊழியர்களோடுதான் உள்ளே வந்தது. அதற்காக அவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. கேஷுவல் வேலை, குறைந்த சம்பளம், ஓர் இல்லத்தில் போதிய மணிநேரம் கிடைக்காமல் இரண்டு மூன்று இல்லங்களுக்கு ஓடும் வாழ்க்கை. தொண்டை கரகரத்தால் வீட்டில் இரு என்றால், அந்த வார வாடகைக்கு எங்கே போவார்கள்? சம்பளத்தோடு கூடிய தொற்றுக்கால விடுப்பு அவர்களுக்குக் கிடைத்தது 2020 ஜூலை கடைசியில், தொழிலாளர் ஆணையத்தின் தீர்ப்பால். நாட்டில் தொற்று வந்து ஆறு மாதம் கழித்து! இதே விக்டோரியாவில் மாநில அரசே நடத்தும் இல்லங்களில் எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் என்பது சட்டப்படி கட்டாயம். அங்கே பாதிப்பு மிகக் குறைவு. அவற்றில் பல கிராமப்புறத்தில் இருப்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நர்ஸ் எண்ணிக்கைக்கு அதில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால், முதியோர் இல்லத்தில் ஒரு இரவு ஷிஃப்டைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

கேள்வி: மாதக்கணக்கில் எங்களை அப்பாவைப் பார்க்க விடவில்லை. ‘அவருடைய பாதுகாப்புக்காகத்தான்’ என்றார்கள். பாதுகாப்பு என்றால் இப்படித்தானா?
– வாசகர், பிரிஸ்பேன்

பதில்: இல்லை, தம்பி. ஆரம்ப வாரங்களில் கதவை மூடியது புரிகிறது. கவசம் இல்லை, பரிசோதனை குறைவு. அதன் பிறகும் மூடியே வைத்தது ஆள் பற்றாக்குறையால்தான். வருகிறவரை வாசலில் பரிசோதித்து, கவசம் போட்டுவிட்டு, அறைவரை கூட்டிப்போக ஒரு ஊழியர் வேண்டுமே. குடும்பத்தினர் வந்து பார்க்கப் போதுமான ஊழியர்களுக்கு அரசு பணம் தர வேண்டும் என்பது ராயல் கமிஷன் சிறப்பு அறிக்கையின் இரண்டாவது பரிந்துரை. மகள் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுகிறவர், மகள் வராவிட்டால் இளைத்துப்போவார். கிருமி இல்லாத அறையில் பட்டினி கிடப்பதைப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: மாறியிருக்கிறது, போதாது. 2023 ஜூலையிலிருந்து இருபத்திநான்கு மணி நேரமும் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் இல்லத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்பது 2024 அக்டோபரிலிருந்து கணக்கு. முதியவர்களின் உரிமைகளை முன்வைக்கும் புதிய சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இல்லத்தின் மேலாளரிடம் போய்க் கேளுங்கள்: தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான நர்ஸ் யார்? பாதி ஊழியர்கள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் யார் வருவார்கள்? அம்மாவின் மருந்துக் குறிப்பில் இருக்கும் போட்டோ எப்போது எடுத்தது? அப்புறம், அம்மா எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எதைக் கெட்டியாக்கித் தர வேண்டும், தண்ணீர், வலி, கழிப்பறை இவற்றுக்கு என்ன சொல்வார் என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள். மழுப்பலான பதில் வந்தால் முதியோருக்கான இலவச ஆலோசனைச் சேவையை 1800 700 600 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆங்கிலத்தில் பேசச் சிரமமென்றால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இணைத்துக்கொடுப்பார்கள்.