கடை முகப்புக்கு ஸ்டீலும் கண்ணாடியும்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: பெசன்ட் நகரில் பட்டுப் புடவை பூட்டிக். முகப்புச் சட்டம் முழுக்க மிரர் ஃபினிஷ் ஸ்டீல். 304 கிரேடு போதும் என்கிறார் ஃபேப்ரிகேட்டர்.

ப: கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் போதாது. உப்புக் காற்றில் 304 சீக்கிரமே டீ சிந்தினாற்போல் பழுப்படிக்கும். 316 கேளுங்கள், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். அதையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். அப்புறம், டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்ற விடாதீர்கள், புகை பட்டாலே ஸ்டீல் போச்சு.

கே: சதுர அடி என்ன விலை?

ப: டிராயிங் இல்லாமல் சொல்ல மாட்டேன்.

கே: காந்தம் ஒட்டாவிட்டால் 316தானே?

ப: இல்லை. 304ம் ஒட்டாது, மலிவான 202ம் ஒட்டாது.

கே: சார், எங்க அப்பா காலத்திலிருந்து காந்தம் வைத்துத்தான் எவர்சில்வர் வாங்குகிறோம்.

ப: வாங்குங்கள், குழம்பு வைக்க அது போதும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருக்கிறார்கள், காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நல்ல 304 தகட்டையே மடித்தால் மடித்த இடத்தில் லேசாக ஒட்டும், அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. ஸ்டீல் ஆலை தரும் மில் சர்டிஃபிகேட் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்த ஸ்டீல் என்று சொல்லும் எண்) தகட்டில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமா, மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சொட்டுத் திரவம் கிடைக்கிறது.

கே: அப்போ காந்தமே வேண்டாமா?

ப: வேண்டாம்.

கே: 12 எம்எம் டஃபண்ட் கண்ணாடி ஒற்றையாகப் போடலாமா? நடுவில் ஜாயின்ட் தெரியக் கூடாது.

ப: ஒற்றையாக வேண்டாம். டஃபண்ட் என்பது சூளையில் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது, உடைந்தால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டி, கடை திறந்து கிடக்கும். உள்ளே நிக்கல் சல்ஃபைடு துணுக்கு இருந்தால் யாரும் தொடாமலே கூட வெடிக்கும். ஹீட் சோக் செய்த, அதாவது அப்படி வெடிக்கக்கூடியது முன்பே உடையட்டும் என்று மறுபடி சூடாக்கிப் பார்த்த, இரண்டு கண்ணாடிகளை லேமினேட் செய்து போடுங்கள், உடைந்தாலும் நடுவிலுள்ள படலம் பிடித்துக்கொள்ளும். நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஆப்பிள் கடையின் கண்ணாடிப் பெட்டி 2006இல் 90 பலகைகளோடு இருந்தது, 2011இல் அதையே 15 பலகைகளில் திரும்பக் கட்டினார்கள். ஆக, பெரிய பலகை முடியாததில்லை, எடைதான் பிரச்சினை. 12ம் 12ம் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 60 கிலோ. 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் 360 கிலோ. உங்கள் தெருவில் கிரேன் நிற்குமா என்று முதலில் பாருங்கள்.

கே: டஃபண்ட் வந்தபின் பூட்டுக்கு ஓட்டை போடலாமா?

ப: முடியாது. வெட்டுவது, துளைப்பது எல்லாம் சூளைக்குப் போகுமுன்.

கே: சைட்டில் அரை அங்குலம் மட்டும் தேய்த்து...

ப: முடியாது என்றேனே.

கே: பகலில் கடைக்குள் ஒன்றும் தெரிவதில்லை, எதிரே நிற்கும் பஸ்தான் கண்ணாடியில் தெரிகிறது.

ப: சாதாக் கண்ணாடி விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளியே வெயில், உள்ளே இருட்டு என்றால் அந்த எட்டே ஜெயிக்கும். மேலே சன்ஷேடு நீட்டுங்கள், பொம்மைக்குப் பின்னால் கறுப்புத் திரை இருந்தால் வெளிர் நிறத்துக்கு மாற்றுங்கள், விளக்கைக் கூட்டுங்கள். ஆன்டி ரிஃப்ளெக்டிவ் பூச்சு பிரதிபலிப்பை 1 சதவீதம் வரை இறக்கும், விலை எகிறும். சன்ஷேடு போட்டுப் பார்த்துவிட்டு அதைக் கேளுங்கள்.

கே: 202க்கு பெயின்ட் அடித்தால்?

ப: பெயின்ட்தான் அடிக்கப் போகிறீர்கள் என்றால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போடுங்கள்.