ஃபெல்லோஷிப் யாருக்கு? – கடிதம்

வணக்கம்.

நாளிதழ் ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் மூன்று வருடம் டெஸ்க், அதாவது மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலை. அதன்பிறகு சுகாதார பீட், அதாவது சுகாதாரச் செய்திகளைத் திரட்டும் பொறுப்பு. பத்திரிகையாளர்கள் அன்றாட வேலையிலிருந்து விலகிப் படிக்கவும் ஆராயவும் பணம் தரும் சர்வதேச ஃபெல்லோஷிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. 'பொதுச் சுகாதாரத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் தாக்கம்' என்பதுதான் நான் கொடுத்த தலைப்பு. இதெல்லாம் பெரிய ஆங்கிலப் பத்திரிகைகளில் இருப்பவர்களுக்குத்தானோ என்று தோன்றுகிறது. எனக்கு 36 வயது, குழந்தைக்கு நான்கு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா, நானும் போடலாமா?" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?

உண்மையில் எழுத நினைத்ததை எழுத நேரமே கிடைப்பதில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன பெண்கள் சிலர் ஒரே வாரத்தில் காய்ச்சலோடு வேறு மருத்துவமனைக்கு வருகிறார்கள். முதல் மருத்துவமனையின் பதிவேட்டில் அவர்கள் நலமாக வீடு திரும்பியவர்கள். இதைக்கூடத் தொடர்ந்து போய்ப் பார்க்க முடியவில்லை. இனியும் விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டும். காரணம் உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகள் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படிக்கும் குழு ஒன்றில் இருந்திருக்கிறேன். ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றில் பெரும்பாதி 'இதில் அதன் தாக்கம்', 'இன்றைய சூழலில் இதன் சவால்கள்' என்றுதான் தொடங்கும். எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. குழுவுக்குப் பிடிக்கும் என்று நினைத்த ஒன்றை எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். உங்கள் டிஜிட்டல் தொழில்நுட்பமும் அப்படித்தான். ஆனால் பதிவேட்டில் நலமாக வீடு திரும்பிய பெண் காய்ச்சலோடு வேறொரு வாசலில் வந்து நிற்பது நீங்கள் பார்த்தது. அவளை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை என்பதை ஐந்து வருடம் அந்த பீட்டில் நடந்தவரால்தான் கவனித்திருக்க முடியும். விண்ணப்பத்தில் இருக்க வேண்டியதை எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

ஃபெல்லோஷிப் தருவது முதலில் நேரம். பணம் அந்த நேரத்தைக் காப்பாற்றுவதற்கு. தினமும் மாலைக்குள் செய்தி கொடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து ஒருவரை ஆறு மாதம், ஒரு வருடம் விடுவிக்கிறது. ஹார்வர்டின் நீமன் ஃபெல்லோஷிப் 1938-ல் தொடங்கியது. மில்வாக்கி நகரில் நாளிதழ் நடத்திய கணவரின் நினைவாக ஆக்னஸ் நீமன் விட்டுச்சென்ற பணத்தில் உருவானது. பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. இரண்டு பருவம் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

இதனால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களிடம் நான் ராபர்ட் கேரோவைச் சொல்வேன். 1965-66-ல் அவர் அங்கே இருந்தார். அதற்கு முன் நிருபர். அங்கே நகரத் திட்டமிடல் வகுப்பு ஒன்றுக்குப் போனார். நெடுஞ்சாலைகள் எங்கே அமையும் என்பதை மக்கள்தொகை அடர்த்தி போன்ற கணக்குகளை வைத்துப் பேராசிரியர்கள் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ, இது அப்படி நடப்பதில்லையே என்று பட்டது. நியூயார்க்கில் சாலை எங்கே வருகிறது என்றால், அந்த நகரின் சாலைகளையும் பாலங்களையும் கட்டிய அதிகாரி ராபர்ட் மோசஸ் எங்கே வேண்டும் என்கிறாரோ அங்கே வருகிறது. தேர்தலில் ஜெயித்து எந்தப் பதவிக்கும் வராத ஒரு மனிதருக்கு அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு வெளியே வந்தவர் பல ஆண்டுகள் உழைத்து, 1974-ல் மோசஸைப் பற்றிய நூலை வெளியிட்டார். செய்தி அறையின் அன்றாட ஓட்டத்தில் இருந்துகொண்டே அந்தக் கேள்வியை அவர் அவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, உங்கள் பயங்களுக்கு வருகிறேன். நீமனுக்கு வயது வரம்பு இல்லை. கல்லூரிப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. கேட்பது குறைந்தது ஐந்து வருட முழுநேர அனுபவம். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள, பத்திரிகைத் துறையை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட்டும் ஏறக்குறைய அதே அளவு அனுபவத்தைத்தான் எதிர்பார்க்கிறது. அங்கே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு உழைத்து, முடிவில் ஒரு கட்டுரையாகத் தர வேண்டும். குழந்தை இருப்பதை மறைக்க வேண்டாம். நீமனில் குழந்தைப் பராமரிப்புக்கும் வீட்டுக்கும் தனியாகத் தொகை தருகிறார்கள், துணைவரும் வகுப்புகளுக்கு வரலாம். ஆங்கிலத்தில் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும், அது உண்மை. ஆனால் உங்கள் செய்திகள் ஆங்கிலத்தில் வெளியாகியிருக்க வேண்டும் என்பதில்லை. மூலத்தோடு மொழிபெயர்ப்பை இணைக்கலாம். அதை அவசரமாக இரவோடு இரவாகச் செய்யாதீர்கள். நல்ல செய்தி மோசமான மொழிபெயர்ப்பில் செத்துப்போவதைக் குழுவில் இருந்தபோது பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஊரை விட்டுப் போக முடியாதென்றால் அதற்கும் வழி உண்டு. மனநலம் பற்றி எழுதுபவர்களுக்கான ரோசலின் கார்ட்டர் ஃபெல்லோஷிப்பில் இருக்கும் இடத்திலிருந்தே, பார்க்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் ஒரு விஷயத்தில் இறங்கலாம். உங்கள் பொருள் வேறு. ஆனால் இந்த மாதிரி அமைப்பில் மற்ற துறைகளுக்கும் திட்டங்கள் வருகின்றன, தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் ஃபெல்லோஷிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது ஒரு சின்ன நல்கையாகக்கூட, அதாவது ஒரு செய்தியைத் தேடும் செலவுக்கான பண உதவியாகக்கூட இருக்கலாம். ஃபண்ட் ஃபார் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம் என்ற அமைப்பு 1969-ல் தொடங்கியது. அந்த ஆண்டு எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாத சீமோர் ஹெர்ஷுக்கு ஒரு தகவல் கிடைத்தது: வியட்நாமில் பொதுமக்களைக் கொன்றதாக ஒரு ராணுவ அதிகாரி மேல் விசாரணை நடக்கிறது. அந்த அமைப்பு முதலில் கொடுத்தது 250 டாலர். அதை வைத்து வேலையைத் தொடங்கினார். பிறகு வேலையை முடிக்க 2,000 டாலர் கொடுத்தார்கள். மை லாய் படுகொலை உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். மறு வருடம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு செய்திக்குப் போய்வரும் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் போதும் என்ற நிலை நம் தொழிலில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது! 2006-ல் தொடங்கிய புலிட்சர் சென்டர், பத்திரிகையில் வேலை பார்ப்பவர்கள், ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் இருவருக்கும் இப்படிப்பட்ட நல்கைகளைத் தருகிறது. வேலையை விட வேண்டியதில்லை. செலவுக் கணக்கை மட்டும் நேர்மையாகப் போடுங்கள். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து, பாதியில் பணமில்லாமல் நின்றவர்கள் உண்டு.

யார் பணம் தருகிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். மருந்துக் கம்பெனி சுகாதார நிருபர்களுக்கு ஃபெல்லோஷிப் தந்தால், அது எவ்வளவு நல்ல தொகையாக இருந்தாலும் உங்கள் பீட்டில் இருப்பவர் தொடக்கூடாது என்பேன். மற்றவற்றில், வெளியிடுவதற்கு முன் பிரதியைக் காட்டச் சொல்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

விடுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு முதல் ஃபெல்லோஷிப் கிடைத்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் "போய்ட்டு வா, உன் நாற்காலி அப்படியே இருக்கும்" என்றார்கள். நம்பிப் போனேன். திரும்பி வந்தபோது ஆசிரியர் மாறியிருந்தார், வேலை இல்லை. எட்டு மாதம் வருமானமில்லாமல் இருந்தேன். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அவளுக்கு 'போடு' என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எதற்கு என்பது வேறு. தொழிலில் நுழைபவர்களுக்கானது பர்சரி. படிப்புக் கட்டணத்துக்கும் பயிற்சிக் காலச் செலவுக்கும் தருவது, பெரும்பாலும் வசதியில்லாதவர்களுக்கு. பிரிட்டனில் ஜர்னலிசம் டைவர்சிட்டி ஃபண்ட் 2005 முதல் இதைச் செய்கிறது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சம்பளமில்லாத பயிற்சியைத் தாங்க முடிந்தவர்கள் மட்டுமே உள்ளே வந்தால், வறுமையை நேரில் அறிந்த யாரும் செய்தி அறையில் இருக்க மாட்டார்கள். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலோடு வந்த அந்தப் பெண்களின் வீட்டிலிருந்து ஒருத்தி நிருபராக வர வேண்டுமே.

உங்கள் அலுவலகப் பெண் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாள் என்பதால் அடுத்தது தொடக்க நிலை ஃபெல்லோஷிப். டாக் ஹாமர்ஷோல்ட் நிதியம் வளரும் நாடுகளைச் சேர்ந்த 25 முதல் 35 வயது வரையிலான பத்திரிகையாளர்களை நியூயார்க்குக்கு அழைத்து, ஐ.நா. பொதுச்சபையைப் பற்றிச் செய்தி எழுத வைக்கிறது. ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லி திட்டம் அமெரிக்கச் செய்தி அறைகளில் வேலை பார்க்க வைக்கிறது. இவற்றுக்கும் சில வருட அனுபவம் வேண்டும். அதுவரை தன் பெயர் போட்டு வந்த செய்திகள் எல்லாவற்றையும் அவள் பத்திரப்படுத்தட்டும். இணைப்புகள் காணாமல் போகும், பிடிஎஃப் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் கடிதத்துக்குப் பெரிய பெயர்களைத் தேட வேண்டாம். அவள் எழுதிய செய்தியைத் திருத்திய சப்-எடிட்டர் எழுதும் கடிதம்தான் குழுவில் எங்களுக்கு உதவியது. அவளுக்கு அதை எழுதித் தரக்கூடியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். பழைய தலைப்பை அழித்துவிடுங்கள். நீங்கள் சந்தித்தவர்களில் ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல், என்ன நடந்தது என்று பத்து வரி எழுதுங்கள். எந்தப் பதிவேடுகளை ஒப்பிட்டால் அவளைப் போன்றவர்களை எண்ண முடியும், அதை எண்ண உங்களுக்கு என்ன தெரியாது, எந்த வகுப்பால், எந்த ஆசிரியரால் அதைக் கற்றுத்தர முடியும் என்று அடுத்த பத்து வரி. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.