பூட்டிய மைதானத்தில் பணம் எங்கிருந்து வந்தது?

கொரோனா காலத்தில் விளையாட்டு நிர்வாகம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், 2020 ஐபிஎல்லை ஆளில்லாத மைதானத்தில் நடத்தினார்களே, டிக்கெட் காசு இல்லாமல் கட்டுபடியானதா?

பதில்: ஐபிஎல்லின் பெரிய வருமானம் ஒளிபரப்பு உரிமைதான். ஆட்டம் நடந்தால் அது வந்துவிடும். அதனால்தான் மார்ச் 29இல் தொடங்க வேண்டிய தொடரைக் கைவிடாமல், செப்டம்பர் 19 அன்று அமீரகத்தில் தொடங்கினார்கள். துபாய், அபுதாபி, ஷார்ஜா மூன்றும் பேருந்திலேயே போய்வரும் தூரம். விமானமே தேவைப்படவில்லை.

கேள்வி: அப்புறம் 2021இல் ஏன் பாதியில் நின்றது?

பதில்: அமீரகத்தில் கற்ற பாடத்தை மறந்ததால்தான் என்பேன். ஆறு ஊர்களில் நடத்தத் திட்டமிட்டு, இரண்டாம் அலை உச்சத்தில் அணிகளை ஊர் ஊராக விமானத்தில் ஏற்றினார்கள். மே 4 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. மீதி ஆட்டங்களுக்கு மறுபடியும் அமீரகம்தான். புரோ கபடி 2020இல் நடக்கவே இல்லை. 2021 டிசம்பரில் பெங்களூரில் ஒரே ஹோட்டல் வளாகத்தில் களம் அமைத்து நடத்தினார்கள். அது சரியான முடிவு.

கேள்வி: விம்பிள்டன் டென்னிஸ் மட்டும் தப்பித்தது எப்படி அண்ணா?

பதில்: அவர்களுடைய காப்பீட்டில் தொற்றுநோயும் சேர்ந்திருந்தது. 2020 போட்டி ரத்தான பிறகும், காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி, 620 வீரர்களுக்கு ஒரு கோடி பவுண்டு பகிர்ந்து கொடுத்தார்கள். தகுதிச்சுற்றில் ஆடியிருக்க வேண்டியவர்களுக்கும் ஆளுக்கு 12,500 பவுண்டு. அந்தத் தொகைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தரவரிசையில் கீழே இருப்பவருக்கு அது பல மாதச் சாப்பாடு.

கேள்வி: நம் ரஞ்சி வீரர்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: 1934-35இல் தொடங்கிய, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் முதல்முறையாக 2020-21இல் நடக்கவில்லை. உள்ளூர் வீரர்களில் பெரும்பாலானோருக்கு ஆடினால்தான் சம்பளம். மாதச் சம்பளம் பேசும் ஒப்பந்தம் கிடையாது. முந்தைய பருவத்தில் ஆடியவர்களுக்கு ஆட்டச் சம்பளத்தில் 50 சதவீதம் இழப்பீடு என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்ததே 2021 செப்டம்பரில்தான். அதுவரை வீட்டு வாடகை காத்திருக்குமா? பிட்ச் உருட்டுகிறவர், ஸ்கோர் எழுதுகிறவர், வாசலில் சுண்டல் விற்கிறவர் எல்லோரும் இதே தொழிலை நம்பித்தானே இருந்தார்கள்! பெரிய லீக்கைக் காப்பாற்ற எடுத்த அக்கறையில் கால்பங்கு இவர்கள் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்.

கேள்வி: ஊரில் டோர்னமென்ட் நடத்துகிறேன். ஸ்பான்சரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

பதில்: போட்டி தள்ளிப்போனால் பணம் அடுத்த தேதிக்குச் செல்லுமா, திருப்பித் தர வேண்டுமா என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். திருப்பித் தருவதானால், அம்பயருக்கும் மைதான ஆட்களுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவோம் என்ற வரியையும் சேருங்கள். அந்த ஒரு வரிக்காகப் பேரம் பேசுங்கள், விட்டுவிடாதீர்கள்.