கணக்கு இலக்கம் மாறிவிட்டதாக வந்த மின்னஞ்சல் பற்றி

வணக்கம் தங்கச்சி. உப்புவெளிக் காணி உறுதிக்கான முத்திரைத் தீர்வைக் காசை வேறொரு வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, உங்கள் சட்டத்தரணியின் பெயரில் மின்னஞ்சல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு சதமும் போடாதீர்கள். அதற்குப் பதில் எழுதவும் வேண்டாம், அதிலுள்ள நம்பருக்கு எடுக்கவும் வேண்டாம். திருகோணமலையில்தானே இருக்கிறீர்கள், நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர் சரியாக இருக்கும், முகவரியில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். முகவரியும் சரியென்றால் இன்னும் மோசம்: யாரோ சட்டத்தரணியின் அஞ்சல்பெட்டிக்குள் புகுந்து உங்கள் கடிதங்களை வாசிக்கிறார்களாக இருக்கலாம். தொகை ரூபாய் பிசகாமல் வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பயம்தான். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய அடையாள அட்டைப் படம். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எண் கிடைத்தவருக்குப் பிறந்த திகதியும் கிடைத்தது போலத்தான். அதை எங்காவது கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இனிமேல் பிரதியின் குறுக்கே "காணி உறுதிக்கு மட்டும்" என்று எழுதி, திகதி போட்டு, கையிலேயே கொடுங்கள்.

காசு ஏற்கெனவே போயிருந்தால் முதலில் வங்கி, பிறகு பொலிஸ். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம். அந்த மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.